ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு பொட்டு

அந்த நீலத் தகரம் போட்ட கட்டடம் தெரியுதா, பெட்ரோல் பங்க்குக்கு அடுத்தாப்ல? நீங்க பாருங்க, நான் பாக்க மாட்டேன். டெய்லி இந்த பஸ்ஸுலதான் போறேன். இந்த இடம் வந்தா மட்டும் இப்படித் திரும்பி உக்காந்துக்குவேன். இன்னிக்கு இந்தப் பக்கம் நீங்க இருக்கீங்க, அதனால உங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டு வரேன். தப்பா நெனச்சுக்காதீங்கம்மா.

எங்க வேலைன்னு கேட்டீங்களே, வாலாஜாபாத் தாண்டி ஒரு மிக்சர் கம்பெனில. பாக்கெட்டுக்கு வாய் ஒட்டறது. அத விடுங்க. அது ஒரு வேலையா?

முன்னாடி இங்கதான் இருந்தேன். கம்பெனி பேரு வேணாம், அத என் வாயால சொல்றதில்லன்னு வச்சிருக்கேன். வீட்டுல தண்ணித் தொட்டி ரொம்பினா மோட்டார் தானா நிக்குதே, அதுக்குச் செவுத்துல ஒரு சின்னப் பெட்டி மாட்டியிருப்பாங்க பாத்திருக்கீங்களா? அதுக்குள்ள இருக்கற போர்ட அங்கதான் செய்யறாங்க. பச்சைக் கலர்ல உள்ளங்கை அகலத்துக்கு இருக்கும். பார்ட்ஸ் எல்லாம் மிஷினே ஒட்டிடும். ஒட்டினா மட்டும் ஆச்சா? தொட்டி ரொம்பிடுச்சு, நிறுத்து. கரண்ட்டு கம்மியா வருது, மோட்டாரப் போடாத. இதெல்லாம் அதுக்கு யாரு சொல்லுவா? அதை ஒரு புரோகிராமா எழுதி வச்சிருப்பாங்க. ஃபர்ம்வேர்னு சொல்லுவாங்க. அத உள்ள ஏத்தினாத்தான் போர்டுக்கு உசுரு. ஏத்தலன்னா அது வெறும் தகடு. அந்த உசுர ஏத்தற டேபிள் என்னுது.

லோடிங் டேபிள் புனிதா அக்கான்னா கேட்டுல நிக்கற செக்யூரிட்டி வரைக்கும் தெரியும். முழுப்பேரு புனிதவதி. யாரும் அப்படிக் கூப்பிடறதில்ல, அக்காதான். மேனேஜர் தண்டபாணி சார் மட்டும் புனிதான்னு கூப்பிடுவாரு.

எனக்கு முன்னாடி அங்க யாரு வேணா ஏத்தலாம்னு இருந்துச்சு. ஒருத்தன் சின்ன மோட்டாருக்கு உள்ளத பெரிய மோட்டார் போர்டுல ஏத்திட்டான். ஒரு லாரி சரக்கு அப்படியே திரும்பி வந்துச்சு. அப்பதான் சார் லேப்டாப்புக்கு பாஸ்வேர்டு போட்டாரு. போட்டுட்டு என்கிட்ட மட்டும் சொன்னாரு. காதுல சொன்னாரும்மா, மந்திரம் சொல்ற மாதிரி. ப்ளஸ் டூ ஃபெயில் நான். டிப்ளமா படிச்சவங்கல்லாம் வரிசையா நிக்கறாங்க, என் காதுல சொன்னாரு. அதுக்கப்புறம் ஒரு போர்டு தப்பாப் போயிருக்குமா? கேட்டுப் பாருங்க. ஒரு போர்டு போகல.

அது என்ன சாதாரண வேலைன்னு நெனச்சீங்களா? பொண்ணுங்க போர்டுல ஒயர மாட்டிட்டு கைய தூக்கணும். நான் போவணும். என்ன மாடல்னு பாக்கணும், அதுக்கு உண்டான ஃபைல எடுக்கணும், பாஸ்வேர்டு அடிக்கணும், பட்டன அமுக்கணும். அடிக்கறப்ப அந்தப் பக்கம் திரும்பிக்குங்கடின்னு சொல்லுவேன், எல்லாம் திரும்பிக்கும். ஓடி முடிஞ்சா மறுபடி கைய தூக்கணும். நான் பாத்து சரின்னு சொன்னாத்தான் ஒயரக் கழட்டணும். நான் வேற டேபிள்ள இருந்தா கைய எறக்காம இருக்கணும். எறக்கிட்டா எனக்கு எப்படித் தெரியும்? இதையெல்லாம் போயி கஷ்டம்னு சொல்லியிருக்காளுங்க, பின்னாடி.

எல்லாம் கான்ட்ராக்ட் பொண்ணுங்கம்மா. கள்ளக்குறிச்சி, சங்கராபுரம், அந்தப் பக்கத்துல இருந்து வந்து ஹாஸ்டல்ல இருக்கறதுங்க. நான் பெத்த பொண்ணுங்க மாதிரிதான் வச்சிருந்தேன். கட்டுப்பாடா வச்சிருந்தேன். பாத்ரூம் போவணும்னாகூட என்னைக் கேக்காம எழுந்திருக்காது. ஏன்னா போர்டு ஏறிக்கிட்டு இருக்கும்போது எழுந்து போயிட்டா? அதுங்களும் என் மேல உசுரா இருந்துச்சு. ஊருக்குப் போயிட்டு வந்தா ஒண்ணு முறுக்கு கொண்டாரும், ஒண்ணு கொய்யாப்பழம் கொண்டாரும். காலையில என் டேபிள் மேல பூ இருக்கும். யாரு பூ வச்சிருக்காளோ அவ சீட்டுக்கு மொதல்ல போவேன். சும்மா, ஒரு ஆசைக்கு. நாம காட்டற அன்புதான திரும்பி வரும்?

எங்க அக்கா பேரனுக்குப் போளூர்ல காதுகுத்து வச்சாங்க. ரெண்டு நாள் லீவு எழுதிக் குடுத்துட்டுப் போனேன். பந்தியில உக்காந்திருக்கேன், போன் வருது. "புனிதா, அவசர ஆர்டர். அந்த பாஸ்வேர்ட மட்டும் சொல்லுங்க"ன்னு தண்டபாணி சார். போன்ல எப்படிச் சார் சொல்றதுன்னேன். அவரே போட்டதுதான், ஆனா என்கிட்ட குடுத்தப்புறம் நான் மாத்தி மாத்தி வச்சிருந்தேன், ஜாக்கிரதைக்கு. கடைசியில என்ன ஆச்சு தெரியுமா? கம்பெனி கார் வந்துச்சும்மா! வெள்ளைக் கார், டிரைவரோட, மண்டபத்து வாசல்ல. சொந்தக்காரங்க அத்தன பேரும் எலைய விட்டு எழுந்து வந்து பாத்தாங்க. எங்க அக்கா மட்டும் மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிச்சு. தாய்மாமனுக்கு அடுத்து நான் மடியில உக்கார வச்சுக்கணுமாம், போயிட்டனாம். அதுக்குப் பொறாமை. அத விடுங்க.

இப்படி இருந்த எடத்துலதான் அந்தப் பொண்ணு வந்து சேந்தா. நிரஞ்சனா மேடம், புதுசா வந்த இன்ஜினியரு. இருபத்தாறு வயசு இருந்தா ஜாஸ்தி. கோயமுத்தூரு. வந்த மொத வாரம் ஒண்ணும் பேசல, என் பக்கத்துல ஒரு ஸ்டூலப் போட்டு உக்காந்து பாத்துக்கிட்டே இருந்துச்சு. நானும் சரி, கத்துக்க வந்திருக்குன்னு எல்லாம் காட்டினேன், பாஸ்வேர்டு தவிர. டீ வாங்கிக் குடுத்தேன். ஒரு நாள் ரொம்ப மரியாதையா கேட்டுச்சு: "அக்கா, நீங்க ஒரு நாள் வரலன்னா இத யாரு பண்ணுவாங்க?" எனக்கு அப்படியே பூரிச்சுப் போச்சு. "யாராலயும் முடியாது மேடம், லைனே நின்னுடும்"னேன். கார் வந்த கதையையும் சொன்னேன். தலைய ஆட்டி ஆட்டி கேட்டுச்சு. பெரிய மனசு இந்தப் பொண்ணுக்கு, நம்ம அருமை தெரிஞ்சிருக்குன்னு வீட்டுல வந்து சொன்னேன்.

அப்புறம் கொஞ்ச நாள் கழிச்சு ஒரு பெட்டி வந்துச்சு. கறுப்பா, டிபன் பாக்ஸ் மாதிரி மூடி வச்சது. ஜிக்குன்னாங்க. உள்ள அடியில வரிசையா பித்தளை ஊசி நிக்குது, அமுக்கினா எறங்கி ஏறும், ஸ்பிரிங்கு. போர்ட அதுக்குள்ள வக்கணும், மூடிய மூடணும். அவ்வளவுதான். ஊசி போய் போர்டத் தொடும். போர்டு மேல ஒட்டின பார்கோட அதுவே படிச்சு, இது என்ன மாடல்னு அதுவே பாத்து, அதுக்கு உண்டானத அதுவே எடுத்து ஏத்திடும். சரியா ஏறுச்சா, பச்சை லைட்டு. ஏறலையா, சிவப்பு. ஒயரு கெடையாது. ஃபைல் எடுக்கறது கெடையாது. பாஸ்வேர்டு கெடையாது. கைய தூக்கறது கெடையாது.

அன்னிக்குக் காலையில சேந்த ஒரு குட்டி, கம்பெனி பேரையே தப்பா சொல்லுது, அது உக்காந்து மத்தியானத்துக்குள்ள பச்சை பச்சையா எரிய விடுது. தண்டபாணி சார் கை தட்டறாரு. எனக்குப் பொறுக்கலம்மா. பொய் சொல்லல.

அந்த மேடம் சும்மாவும் இல்ல. "அக்கா, நீங்களே இத எல்லாருக்கும் பழக்கி விடுங்க, டிரெய்னர்னு போட்டுடறேன்"னுச்சு. மூடியத் தொறந்து மூடறதுக்கு எதுக்கு மேடம் டிரெய்னருன்னேன். உங்க வாயால சொல்லுங்க, மூடி போடத் தெரியாத பொம்பளை உலகத்துல உண்டா? என்னைக் கிண்டல் பண்ணுதுன்னுதான் எனக்குப் பட்டுச்சு. நான் ஒத்துக்கல. என்னைக் கொண்டுபோய் லேபிள் ஒட்டற எடத்துல உக்கார வச்சாங்க. ஆளுக்கு ஒரு பெட்டி வாங்கி வச்சுட்டு, லேப்டாப்ப ஸ்டோர்ல போட்டாங்க. என் நாற்காலிய, கை வச்ச நாற்காலிம்மா அது, எடுத்து ஆபீஸ் ரூம்ல யாருக்கோ போட்டாங்க.

சரி, கம்பெனிக்காரன் அவன் இஷ்டத்துக்குப் பண்ணுவான். எனக்கு வயித்தெரிச்சல் எல்லாம் இந்தப் பொண்ணுங்க மேலதான். பூ நின்னு போச்சு. முறுக்கு நின்னு போச்சு. நேரத்துக்குச் சாப்பிடப் போறாளுங்க, நேரத்துக்குச் சிரிக்கறாளுங்க. பாத்ரூமுக்கு என்னைத் தாண்டித்தான் போவணும், கேக்காம போறாளுங்க! ஒருத்தி பாட்டே பாடறா. நான் இருந்தப்ப அந்த டேபிள்ள ஒரு சத்தம் கேட்டிருக்குமா?

கோகிலா ஒருத்திதான் பூ கொண்டாந்துக்கிட்டு இருந்தா, லேபிள் டேபிளுக்கும். சங்கராபுரத்துக்காரி, அப்பன் இல்லாத பொண்ணு. நான் அவள எடுத்து வளத்தேன்னே சொல்லலாம். ஒருவாட்டி தலைய சுத்துதுன்னு சொன்னா, இருக்கற போர்ட முடிச்சுட்டு போய்ப் படுன்னு அனுப்பி வச்சேன், வேற யாரா இருந்தா விட்டிருப்பாங்களா? பூ கொண்டாந்தா என்ன, பழக்கதோஷம். அதுல ஒண்ணும் இல்லன்னு இப்ப தெரியுது.

இருங்க, கண்டக்டர் வராரு. சில்லறை இருக்கா உங்ககிட்ட? இருக்கா, சரி.

ஆயுத பூஜை வந்துச்சு. எங்க கம்பெனில பூஜைன்னா நல்லாவே பண்ணுவாங்க, அதுல கொறை சொல்லக் கூடாது. லீவுக்கு முந்தின நாள் சாயங்காலம் மிஷினெல்லாம் தொடச்சு, வாழக்கன்னு கட்டி, பொரி, கடலை, சுண்டல் எல்லாம் உண்டு. கேட்டுல பூசணிக்கா ஒடப்பாங்க. அவங்கவங்க மிஷினுக்கு அவங்கவங்க பொட்டு வக்கணும். அதுங்க என்ன பண்ணுச்சுங்க, பெட்டி மூடி மேல விரலால சந்தனத்த ஒரு இழுப்பு, மேல ஒரு கொங்குமம், முடிஞ்சுது. போட்டோ எடுக்க ஓடிப் போச்சுங்க. எனக்கு மனசு கேக்கல. என்ன இருந்தாலும் போர்டுக்கு உசுரு குடுக்கற சாமான். எனக்குப் பிடிக்கலங்கறதுக்காக சாமிக்குப் பிடிக்காம போயிடுமா? பூஜைய அரைகுறையா பண்ணக் கூடாதும்மா. நான் சந்தனத்த நல்லா கெட்டியா கரைச்சுக்கிட்டு, ஒரு ஊதுவத்திக் குச்சிய எடுத்துக்கிட்டு, ஒவ்வொரு பெட்டியா தொறந்தேன். மூடியில வச்சு என்ன பிரயோஜனம்? உசுரு இருக்கற எடம் அந்த ஊசிதான? ஒவ்வொரு ஊசிக்கும் தனித்தனியா, குச்சி முனையால அது மேல ஒரு துளி சந்தனம், அதுக்கு மேல ஒரு துளி கொங்குமம். ஒரு ஊசி விடல. நான் எது செஞ்சாலும் சுத்தமா செய்வேன். எல்லாத்தையும் மூடிட்டு, கண்ணுல ஒத்திக்கிட்டு வந்தேன். கோகிலா மட்டும் தூரத்துல நின்னு பாத்துக்கிட்டு இருந்தா. "என்னக்கா பண்றீங்க?"ன்னா. பூஜை பண்றேன்டின்னேன்.

லீவு முடிஞ்சு வந்து மிஷினப் போட்டா, சிவப்பு. இந்தப் பெட்டி சிவப்பு, அந்தப் பெட்டி சிவப்பு. எல்லாம் சிவப்பு. ஒரு போர்டு ஏறல. அன்னிக்கு வண்டி வேற நிக்குது, சரக்கு ஏத்த. மேடம் பெட்டிய ஆட்டுது, ஒயரப் புடுங்கி மாட்டுது, கம்ப்யூட்டர அணைச்சுப் போடுது, மூஞ்சி வெளுத்துப் போச்சு. தண்டபாணி சார் அங்கயும் இங்கயும் நடக்கறாரு. நான் லேபிள் ஒட்டிக்கிட்டு பேசாம இருந்தேன். என்னை யாரு கேட்டா?

அப்புறம் கேட்டாரு. என் டேபிளுக்கே வந்தாரும்மா. "புனிதா, அந்தப் பழைய லேப்டாப்ப வச்சு ஏத்த முடியுமா?" முடியுமாவா? ஸ்டோர்ல இருந்து கொண்டாந்து தூசி தட்டி வச்சாங்க. என் நாற்காலியையும் கொண்டாரச் சொன்னேன், கொண்டாந்தாங்க. உக்காந்தேன். பொண்ணுங்க ஒயர மாட்டிட்டு கைய தூக்குச்சுங்க. திரும்பிக்குங்கடின்னேன், திரும்பிக்கிச்சுங்க. விரல் தானா ஓடுச்சு. சொல்லக் கூடாது, கம்பெனிக்குக் கஷ்டமான நேரம், ஆனா அன்னிக்குக் காலையில நான் இருந்த சந்தோஷம் என் கல்யாணத்தன்னிக்குக்கூட இல்ல. ஒரு பொண்ணு அவசரமா பாத்ரூம் போவணும்னு கேட்டா. இருடி, போர்டு ஏறட்டும்னேன்.

அந்தச் சந்தோஷம் மத்தியானம் வரைக்கும்தான். மேடம் ஒரு பெட்டியக் கவுத்து வச்சுக்கிட்டு, பூதக்கண்ணாடிய வச்சுப் பாத்திருக்கு. ஊசி மேல சந்தனம் காஞ்சு கல்லா ஒக்காந்திருக்காம். அதனால ஊசி போர்டத் தொட்டாலும் தொட்டது தெரியலையாம். ஒரு பிரஷ்ஷ எடுத்துக்கிட்டு ஒவ்வொண்ணா சொரண்டுச்சு. அடுத்த போர்டு பச்சை.

யாரு வச்சதுன்னு கேட்டாங்க. நான்தான் வச்சேன்னேன். மறைக்கறதுக்கு என்ன இருக்கு, திருட்டா பண்ணேன்?

மறுநாள் கூப்பிட்டாங்க. தண்டபாணி சார், அந்த மேடம், ஹெச்.ஆர்.ல இருந்து ஒருத்தரு பேப்பரோட. பாத்த சாட்சின்னு கோகிலாவையும் கூப்பிட்டிருந்தாங்க. சார் என்னைப் பாத்து ரொம்பத் தன்மையாத்தான் பேசினாரு. அத நான் மறக்க மாட்டேன். "புனிதா, கேள்வி ஒண்ணே ஒண்ணுதான். அந்த ஊசி எதுக்குன்னு தெரிஞ்சு வச்சீங்களா, தெரியாம வச்சீங்களா? தெரியாம பண்ணியிருந்தா ஒரு வார்னிங்கோட போயிடும். நீங்க பழையபடி லேபிள் டேபிளுக்குப் போகலாம். தெரிஞ்சு பண்ணியிருந்தா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

நான் வாயத் தொறக்கறதுக்குள்ள இந்தக் கோகிலா முந்திக்கிட்டா. யாரும் கேக்கல இவள. அவளா பேசறா. "சார், அக்காவுக்கு ஒண்ணும் தெரியாது சார். அந்த ஊசி எதுக்குன்னே அக்காவுக்குத் தெரியாது. அது தொட்டாத்தான் ஏறும்னு யாரும் அவங்களுக்குச் சொல்லல. பாவம், சாமி மேல இருக்கற பக்தியில வச்சிட்டாங்க. அக்காவுக்கு அந்தளவுக்கு வெவரம் தெரியாது சார்." கைய வேற கூப்பறா.

கேட்டீங்களா? வெவரம் தெரியாதாம். எனக்கு!

நான் கைய புடிச்சு ஒயர் மாட்டக் கத்துக் குடுத்த குட்டி. நான் சரின்னு சொல்லாம ஒரு போர்ட எடுக்கத் தெரியாதவ. அந்த மேடம் எதிர்லயே, அந்தச் சார் எதிர்லயே, புனிதாவுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்றா. ஹெச்.ஆர். காரரு பேனாவ எடுத்து, 'தெரியாமல்'னு எழுத ஆரம்பிக்கறாரு. நான் பாத்துக்கிட்டே இருக்கேன்.

"யாருக்குடி தெரியாது?"ன்னேன். "மேடம் அந்த ஊசியப் பத்தி உங்களுக்கு வகுப்பு எடுத்தப்ப பின்னாடியே நின்னவ நானு. நீங்கல்லாம் பராக்குப் பாத்துக்கிட்டு நின்னீங்க. நான் ஒரு வார்த்தை விடாம கேட்டேன். எண்ணெய் படக் கூடாது, பவுடர் படக் கூடாது, தூசி ஒக்காந்தாக்கூட போர்டு ஏறாது. இதான மேடம் சொன்னீங்க? சந்தனம் காஞ்சா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான் சார் வச்சேன்."

அந்த மேடம் தலையக் குனிஞ்சுக்கிச்சு. தண்டபாணி சார் மட்டும், "புனிதா, கோவத்துல பேசாதீங்க. யோசிச்சுச் சொல்லுங்க. கோகிலா சொன்னது சரியா, நீங்க சொல்றது சரியா?"ன்னாரு. இன்னொருவாட்டிக் கேட்டாரு, நான் இல்லன்னு சொல்லல.

நான் சொன்னதுதான் சார் சரின்னேன். அந்த டேபிள்ள எனக்குத் தெரியாதது ஒண்ணு கெடையாது, அதையும் எழுதிக்கச் சொல்லுங்கன்னேன். பக்தியிலதாம்மா வச்சேன், அது வேற விஷயம். ஆனா தெரியாம வச்சேன்னு எப்படி ஒத்துக்கறது? ஒத்துக்கிட்டு அந்தப் பொண்ணுங்க மூஞ்சியில எப்படி முழிக்கறது? பேப்பர என் பக்கம் திருப்பினாங்க. கையெழுத்துப் போட்டேன்.

அன்னிக்கு அந்த ரூம்ல அழுதது யாரு தெரியுமா? நான் இல்ல. கோகிலா. ஷாலு நுனிய வாயில அடைச்சுக்கிட்டு தேம்பித் தேம்பி அழறா. வெளிய வந்தும் என் பின்னாடியே ஓடி வரா, "அக்கா, ஏங்க்கா இப்படிச் சொன்னீங்க, ஏங்க்கா இப்படிச் சொன்னீங்க"ன்னு. நான் திரும்பிக்கூடப் பாக்கல. ஊருக்கு முன்னாடி என்னை ஒண்ணும் தெரியாதவன்னு சொன்னவ அவ. வேலை போனது எனக்கு. அவளுக்கு எதுக்கும்மா அழுகை வருது?